பதினாலு கிலோ குறைந்த படம்

என்னை "டேய்" என்று கூப்பிடும் உரிமையை இன்னும் யாருக்கும் விட்டுத்தராத என் கலா அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இதுவரை உனக்கு எழுதத் தோன்றவில்லை. போன மாதம் அஸ்தினாபுரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உன்னைப் பார்த்த பிறகுதான் எழுதியே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது.

முதலில் பார்த்தது ஆட்டோக்காரர். "இன்னா சார் இது, நம்ம டீச்சரம்மா படம் மாரி கீது?" என்று வண்டியை ஓரம் கட்டினார். ஆள் உயரத்துக்கு ஒரு பேனர். இடப்பக்கம் பச்சைப் புடவையில் எண்பத்து நாலு கிலோ நீ. வலப்பக்கம் உன் மகள் நிவியின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கை வைத்துச் சிரிக்கும் எழுபது கிலோ நீ. நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கிளாஸ். கீழே கொட்டை எழுத்தில், "ஐந்தே மாதத்தில் பதினாலு கிலோ! அடுத்தது நீங்கள்தான்!"

அந்த வலப்பக்கப் படத்தை எடுத்தது நான். நிவியின் பிறந்தநாள் அன்று. "நல்லா எடுடா, கன்னம் ஒட்டினது தெரியணும்" என்றாய். தெரிகிற மாதிரிதான் எடுத்தேன்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்.

முட்டிவலியோடு பள்ளிக்கூடத்தின் இரண்டாவது மாடி ஏறிக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள் நீ. உன் வீட்டுக்காரர் சேகர் மாமா மஸ்கட்டில் வேலையில். வீட்டில் நீயும் நிவியும்தான். உன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி வீட்டில் பானு மேடம் நடத்தும் எடை குறைக்கும் கிளப்பில் சேர்ந்தாய். தினமும் பள்ளிக்கூடம் போகும் முன்னால் அங்கே போய் எடை பார்க்கவேண்டும். பிறகு தண்ணீரில் கலக்கிய ஒரு எனர்ஜி பவுடர். காலைச் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு டம்ளர் மாவுக் கரைசல். கால் கிலோ குறைந்தாலும் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் கை தட்டுவார்களாம்.

எனக்கோ சந்தேகப்படுவதுதான் பிழைப்பு. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, அது உண்மையாகவே மோதியதா, மோதியதாகக் கதை கட்டுகிறார்களா என்று எழுதிக் கொடுக்கிறவன் நான். ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்து ஒர்க்‌ஷாப்காரர்கள் என்னைத் தூரத்தில் பார்த்தாலே பேச்சை நிறுத்திவிடுவார்கள். அப்படிப்பட்டவன் உன் பவுடரைச் சும்மா விடுவேனா?

உன் சமையலறையில் நின்று அந்தப் பாக்கெட்டைத் திருப்பி, செல்போனில் பெரிதாக்கிப் படித்தேன்.

"பாரு, எவ்ளோ சின்ன எழுத்துல போட்டிருக்கான் பாரு. கஃபீன். அக்கா, இது காபிதான். கலர் மாத்தி விக்கிறாங்க."

நீ இட்லிப் பானையை இறக்கிக்கொண்டே சிரித்தாய். "காபிதான்னா, நீதான் ஒரு நாளைக்கு ஏழு தடவ குடிக்கிறியே, நீ ஏண்டா இளைக்கல?"

நானும் சிரித்துவிட்டேன்.

அக்கா, அந்தக் கேள்வியை நீ விளையாட்டாகக் கேட்டாய். நான் அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வெறும் காபியால் இப்படி இளைக்க முடியாது என்றால், உன்னை இளைக்க வைத்தது எது? கதையில் ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் கண்டுபிடிக்கிறவன் என்று பெயர் எடுத்த நான், அந்த இடத்தில் சிரித்துவிட்டு நகர்ந்தேன். பவுடரைச் சந்தேகப்பட்டேனே தவிர, குறைந்துகொண்டிருந்த கிலோக்களை ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். கிளப்பில் சேரப் போகிறவன் போல் நடித்து உள்ளே போனேன். சுவரில் ஒட்டியிருந்த படங்களை எல்லாம் செல்போனில் பிடித்துக்கொண்டு வந்தேன். "அந்தம்மா ஆள் பிடிச்சு ஆள் பிடிச்சு மேல போறாங்க, நீ அவங்களுக்கு ஒரு படிக்கட்டு" என்று உன் முகத்துக்கு நேரே சொன்னேன். "உன்கிட்ட வாயத் தொறந்தாலே போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்குடா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய். அதற்கப்புறம் கிளப் பற்றி என்னிடம் நீ ஒரு வார்த்தை பேசவில்லை.

நிவியின் பிறந்தநாள் அன்று நீ அரை இட்லியோடு கை கழுவினாய். "பசியே இல்லடா. பவுடர் நல்லா வேலை செய்யுது." மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒரு பாக்கெட் இரண்டானது. மதியத்துக்கு ஒன்று சேர்ந்து மூன்றானது. பேப்பர் திருத்தும்போது உன் கை நடுங்கியதை நான் பார்த்தேன். "அது கஃபீன் வேலை" என்றேன். படபடப்பு என்றாய். அதுவும் கஃபீன் என்றேன். எல்லாவற்றுக்கும் என் கையில் ஒரே குற்றவாளி இருந்தான். உன் கட்சியில் எல்லாப் புகழும் பவுடருக்கு, என் கட்சியில் எல்லாப் பழியும் பவுடருக்கு. நடுவில் உன் உடம்பு சொன்னதை நாம் இரண்டு பேரும் கேட்கவில்லை.

கடைசியில் உன்கூட வேலை பார்க்கும் தமிழ் டீச்சர்தான், "கலா, உன் கண்ணு ஏன் இப்படி மஞ்சளா இருக்கு?" என்று கேட்டு, அரை நாள் லீவு போடவைத்து என் வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

ஆஸ்பத்திரியில் நான் செய்த வேலையை நினைத்தால் இன்னும் கூசுகிறது. பவுடர் பாக்கெட்டை டாக்டர் மேஜையில், சாட்சிப் பொருளை வைப்பதுபோல் வைத்தேன். "இதனாலதானே டாக்டர்?" அந்த டாக்டரம்மா அதைத் தொடக்கூட இல்லை. உன்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"எடை எப்ப குறைய ஆரம்பிச்சது?"

"கிளப்ல சேர்ந்ததுலேர்ந்து."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சேர்றதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு கிலோ தானா குறைஞ்சிருந்துது டாக்டர். குறையுதேன்னு சந்தோஷத்துலதான் போய்ச் சேர்ந்தேன்."

நீ அதைச் சொன்னபோது நான் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு அது தெரிந்தது.

ஸ்கேனில் கணையத்தில் கட்டி என்று வந்தது. ஈரலுக்கும் பரவியிருந்தது. கட்டியைப் பவுடர் கொண்டுவரவில்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். கஃபீன் கொஞ்ச நேரம் பசியை அமுக்கும், களைப்பை மறைக்கும், அளவு மிஞ்சினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். எடை விஷயத்தில் அதனால் ஆவது ரொம்பக் கொஞ்சம் என்றார். மறைக்கும் என்ற அந்த ஒரு சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். உன் களைப்பு, உன் பசியின்மை, இரண்டும் ஐந்து மாதம் அந்த ஆரஞ்சுத் தண்ணீருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்திருக்கின்றன. நான்கு மாதத்தில் நீ போய்விட்டாய்.

பேனரைப் பார்த்த அன்று ஆட்டோவை நேராக பானு மேடம் வீட்டுக்கு விடச் சொன்னேன். மாடியில் அந்த அம்மா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"செத்துப்போனவங்க படத்தை வெச்சு ஆள் சேர்க்கிறீங்களே, மனசாட்சி இருக்கா?" என்றேன்.

"சார், சத்தியமா நான் கட்டல. டீச்சர் படத்தை நாங்க போன வருஷமே மேல, கம்பெனிக்கு அனுப்பிட்டோம். இப்ப அவங்களே அடிச்சு, ஆள வெச்சுக் கட்டியிருக்காங்க. காலைலதான் பாத்தேன். எனக்கே அழுகை வந்துடுச்சு."

நான் நம்பவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் நீ என்னிடம் சொன்னதை எடுத்துக் கேட்டேன். "முதுகு வலிக்குதுன்னு அவ சொன்னப்ப, உடம்பு சுத்தமாகுதுன்னு சொன்னது யாரு?"

அவர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். "முதல் தடவை நான்தான் அப்படிச் சொன்னேன் சார். எனக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னேன். ரெண்டாவது தடவை சொன்னப்ப பயந்துட்டேன். டாக்டர்கிட்ட போங்க டீச்சர்னு சொன்னேன். அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா?"

"என்ன?"

"ஆஸ்பத்திரிக்குப் போனா என் தம்பிக்குத் தெரிஞ்சிடும் மேடம். இந்தப் பவுடர்தான்னு குதிப்பான், கிளப் வாசல்ல வந்து சண்டை போடுவான். ஸ்கூல் லீவு விடட்டும், பாத்துக்கறேன்னாங்க."

அக்கா, நீ அப்படிச் சொன்னாயா?

தன் மேல் இருக்கும் பழியை என் மேல் தள்ளிவிட அந்த அம்மா கட்டிய கதையா இது? இதுதான் நான் முதலில் நினைத்தது. பொய் சொல்கிறவர்கள் கண்ணைப் பார்த்து எனக்குப் பழக்கம். ஆனால் அன்று என்னால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து நிவியிடம் உன் செல்போனை வாங்கிப் பார்த்தேன். "டாக்டரிடம் போனீர்களா?" என்று பானு அனுப்பியிருக்கிறார். "லீவு விடட்டும் மேடம்" என்று நீ பதில் போட்டிருக்கிறாய். அவ்வளவுதான். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. வாயால் சொன்னாயா, சொல்லவே இல்லையா? நீ சொல்லாமல் எனக்கு எப்படித் தெரியும்?

உன் டாக்டரிடமும் போய்க் கேட்டேன். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாரோ என்று அதிலும் சந்தேகம்.

மறுநாள் காலை பானு ஒரு கத்தரிக்கோலோடு பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். கயிற்றை அவர் ஒரு பக்கம் அறுத்தார், நான் ஒரு பக்கம். பேனர் கீழே சரிந்தபோது உன் முகம் மண்ணில் படாமல் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிடித்தோம். கிளப்பை அவர் இன்னும் நடத்திக்கொண்டுதான் இருக்கிறார். தானாக எடை குறைந்தவர்களை முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறாராம். சொல்கிறாரா என்று எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

இப்போது நிவி விஷயம். சேகர் மாமா இன்னும் மஸ்கட்டில்தான், அதனால் அவள் எங்களோடு இருக்கிறாள். என் மனைவி சுதாவும் அவளும் நல்ல சிநேகம். தாம்பரத்தில் காலேஜ் இரண்டாம் வருஷம். கொஞ்ச நாளாகக் காலையில் வெறும் கருப்புக் காபி, சாப்பிடச் சொன்னால் "லேட்டாச்சு மாமா". ஒருநாள் அவள் பையிலிருந்து கர்சீப் எடுக்கும்போது, ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் விற்கிற எனர்ஜி டிரிங்க் டின் இரண்டு தெரிந்தன. அவள் முகமும் சின்னதாகிவிட்டிருந்தது.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உனக்குச் சொல்லவேண்டுமா? பையைப் பிடுங்கிக் கொட்டியிருப்பேன், பழைய குமாராக இருந்தால்.

இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை மதியம், மாம்பலம் போகலாம் என்று அவளோடு தாம்பரம் ஸ்டேஷனில் நின்றிருந்தேன். செல்போனைப் பிடித்திருந்த அவள் கை நடுங்கியது. எத்தனை டின்? எப்போதிலிருந்து? யார் சொல்லிக் கொடுத்தது? கேள்விகள் தொண்டை வரை வந்துவிட்டன. கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

"உக்காரும்மா. கூட்டமா இருக்கு, அடுத்த வண்டில போலாம்" என்றேன். அந்த வண்டியில் அப்படி ஒன்றும் கூட்டமில்லை. அது போயிற்று. அடுத்ததும் போயிற்று. நான் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, திட்ட மாட்டீங்களே?"

"சொல்லு."

"பத்து நாளா நெஞ்சு படபடன்னு அடிக்குது. தூக்கமே வரல. நான் குண்டாயிட்டேன்னு பசங்க கிண்டல் பண்ணாங்க, அதான் சாப்பிடாம அந்த டின் குடிச்சுட்டு இருந்தேன். அஞ்சு கிலோ குறைஞ்சிருச்சு. முதல்ல ஜாலியா இருந்துச்சு. இப்ப பயமா இருக்கு. அம்மாவுக்கும் இப்படித்தானே குறைஞ்சுது?"

ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்க வாய் எடுத்தேன். நிறுத்திக்கொண்டேன்.

"நாளன்னைக்கு டாக்டரைப் பாக்கலாமா? நான் வரணுமா, சுதா அத்தை வந்தாப் போதுமா?"

"நீங்களும் வாங்க" என்றாள். என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். வண்டிகள் வந்து போய்க்கொண்டிருந்தன. மாம்பலம் போகவில்லை.

பயப்படாதே அக்கா. ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை. சாப்பிடாமல் டின் குடித்ததும் தூங்காததும்தான் காரணம் என்று டாக்டர் சொன்னார். டின்னை விட்ட மூன்று நாளும் தலைவலியில் சுருண்டு படுத்திருந்தாள். இப்போது காலையில் இட்லி, அதற்குப் பிறகு ஒரு காபி. நேற்று மூன்றாவது இட்லியை அவளாகவே கேட்டு வாங்கினாள். காலேஜில் ஒளித்துக் குடிக்கிறாளோ என்று சில நாள் அந்தப் பையின் ஜிப்பில் கை போய்விடும். இதுவரை திறக்கவில்லை.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். நிவி என்னிடம் எதைச் சொல்ல வந்தாலும், அவள் முடிக்கிற வரை வாயைத் திறக்கமாட்டேன். அது எனக்குப் பிடிக்காததாக இருந்தாலும், அவள் செய்ததே தப்பாக இருந்தாலும் சரி. எங்கேயாவது வலிக்கிறது என்றால், அதை முதலில் மாமாவிடம் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றும்படி இந்த வீட்டில் நடந்துகொள்வேன்.

உன் கூடப்பிறந்தவன், உன் மகளுக்குத் தாய்மாமன்,
குமார்