ரெண்டு விரல் இடைவெளி

ஆமத்தூர்,
கார்த்திகை 12, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் ஜெயபாண்டிக்கு அப்பா ரத்தினசாமி எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் தங்கச்சியும் இங்கே சுகமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீ சுகமாக இருக்கிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எங்கள் மூன்று பேருக்கும் எந்நேரமும் உள்ள விசாரம். போன் இருக்கும்போது இதென்ன காகிதம் என்று நினைப்பாய். போனில் நீ சாப்பிட்டீகளா என்று கேட்பாய், நான் சாப்பிட்டேன் என்பேன், உடனே போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். ரெண்டு வருஷமாக நம் பேச்சு இந்தச் சாப்பாட்டைத் தாண்டவில்லை. காகிதத்தில் என்றால் பாதியில் எழுந்து போக முடியாதல்லவா. தங்கச்சி பாண்டிச்செல்வி இதைப் போட்டோ எடுத்து வாட்சப்பில் அனுப்புகிறேன் என்றாள், வேண்டாம் தாயி, தபாலில் போகட்டும், அவன் கையில் வைத்துப் படிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே மழை பரவாயில்லை, வெம்பக்கோட்டை அணைக்குத் தண்ணீர் வருகிறது என்கிறார்கள். தீபாவளிக்குப் பிறகு பட்டாசுக் கம்பெனி இன்னும் திறக்கவில்லை, கார்த்திகை கடைசியில்தான் திறப்பார்கள் போல, என்னை மாதிரி போர்மேனுக்கு வீட்டில் என்ன வேலை, அம்மாவின் வாயில் விழுவதுதான் வேலை. பாண்டிச்செல்விக்கு அச்சாபீசில் காலண்டர் சீசன், காலையில் சிவகாசி பஸ் ஏறினால் இருட்டித்தான் வருகிறாள், சாப்பிடும்போதே கண் சொருகுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் நான் தைலம் தேய்க்கப் போனால் உங்க கை மரக்கட்டை மாதிரி இருக்கு, தள்ளிப் போங்க என்கிறாள். நீ அனுப்பிய வலி மாத்திரையைப் பத்திரமாகப் பீரோவில் வைத்திருக்கிறாள், மகன் அனுப்பியது தீர்ந்துவிடுமாம், அதனால் முழுங்குவதில்லை. இதை நீ போனில் கண்டித்துச் சொல்ல வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உன் கூட்டாளி பெனிட்டோவுக்குப் போன் போட்டு உன் காரை விற்றுவிடச் சொன்னாயாம். அப்பாவும் ஏற மாட்டாக, நானும் இல்ல, சும்மா கெடந்து துருப்பிடிக்கதுக்கு எவனாவது ஓட்டட்டும்லே என்று சொன்னாயாம். லீவு கிடைத்தாலும் தைக்கு ஊருக்கு வருவது சந்தேகம்தான் என்றும் சொன்னாயாம். அவன் பாவம், மனசு கேட்காமல் என்னிடம் வந்து சொல்லிவிட்டான், அவனைத் திட்டாதே. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமிருந்து ஒரு பையன் காரைப் பார்க்க வந்தான், சுற்றிச் சுற்றி வந்து சக்கரத்தையெல்லாம் தடவிப் பார்த்தான். சாவியைக் காணவில்லை என்று நான் வீடெல்லாம் தேடிவிட்டு, பிறகு வா தம்பி என்று அனுப்பிவிட்டேன். அவன் போன பிறகு உன் அம்மா, மடியில வச்சுக்கிட்டே இம்புட்டு நேரம் தேடுறீகளே, உங்களுக்கு நடிக்கவும் தெரியலையே என்றாள். ஆமாம், சாவி என் வேட்டி மடிப்பில்தான் இருந்தது.

அந்தக் காரை நீயும் பெனிட்டோவும் மூன்று ஞாயிற்றுக்கிழமை அவன் ஒர்க்‌ஷாப்பில் கிடந்து, ஸ்பிரிங்கை மாற்றி மூன்று இஞ்ச் இறக்கி, பழைய சக்கரத்தைக் கழற்றிப் பெரிய அலாய் வீலாக மாட்டிக் கொண்டு வந்தீர்களே, அந்தத் திங்கட்கிழமை காலையைத்தான் நான் எழுத வேண்டும். சக்கரத்தைப் பெரிதாக்கிவிட்டு வண்டியைத் தரையோடு உட்கார வைப்பது என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, அது இருக்கட்டும். நீ முதல் சவாரிக்கு என்னைத்தான் கூப்பிட்டாய். உன் கூட்டாளிகளை ஏற்றவில்லை, என்னைக் கம்பெனி கேட் வரை கொண்டுபோய் விடுகிறேன் என்றாய். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு பெருமை என்று நான் சொன்னதில்லை. கேட்டுக்கு முன்னால் அந்த வேகத்தடையில் காரின் அடிவயிறு சிமெண்டில் கர்ரென்று இழுத்தது. அடுத்த நொடி நான் கதவைத் திறந்து குதித்துவிட்டேன். ஜனமெல்லாம் வேலைக்கு வந்து நிற்கிறது, அத்தனை பேர் முன்னாலும் இந்த இரும்பை இங்கன இருந்து எடுத்துட்டுப் போலே, இனிமே இதுல நான் கால் வைக்க மாட்டேன் என்று கத்தினேன். உன் முகம் போன போக்கு எனக்கு மறக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாய்.

நீ நினைத்தது என்னவென்று எனக்குத் தெரியும். முதல் சம்பாத்தியத்தில் வாங்கிய கார் அப்பாவுக்குக் கேவலமாகப் போய்விட்டது, நாலு பேர் முன்னால் நம்மை அசிங்கப்படுத்திவிட்டார் என்று நினைத்தாய். அப்படி இல்லை ஐயா. எனக்குப் பயம். சின்ன வயதில் நீ இரும்பு நாற்காலியைத் தரையில் இழுத்தால் நான் அடிக்க ஓடி வருவேன், ஞாபகம் இருக்கிறதா. நம் வீட்டு நாற்காலி, கட்டில், அண்டா எல்லாவற்றுக்கும் அடியில் ரப்பர் வெட்டி ஒட்டியிருக்கும். அப்பாவுக்குச் சத்தம் ஆகாது என்று அம்மா உங்களிடம் சொல்லி வைத்திருந்தாள். விஷயம் சத்தம் அல்ல. நீ பிறப்பதற்கு முந்தின வருஷம், வேறொரு கம்பெனியில் நானும் செல்லச்சாமி என்று ஒருவனும் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தோம். அங்கே ஒரு பொறி பறந்தால் போதும். தூக்க வேண்டிய இரும்பு வாளியை அவன் அவசரத்தில் தரையில் இழுத்தான். அந்தக் கர்ரென்ற சத்தம் கேட்டதும் நான் வாசல் பக்கம் திரும்பினேன், அவ்வளவுதான், வாசல் பக்கம் நின்றவன் நான், சுவர்ப் பக்கம் நின்றவன் அவன். அவனுக்கு அப்போது கல்யாணம் ஆகி ஆறு மாதம். இதை உங்கள் யாரிடமும் நான் சொன்னதில்லை, அம்மாவுக்குக்கூடப் பாதிதான் தெரியும். இரும்பு தரையில் உரசினால் என் கால் தானாக ஓடும், யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பார்க்காது. அன்றைக்குப் பக்கத்தில் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுக் குதித்தேன் பார், அந்த வெட்கத்தில்தான் உன் மேல் கத்தினேன். கோபம் என் மேல்தான் எனக்கு.

அதன் பிறகாவது சொல்லியிருக்கலாம். நீ மஸ்கட்டுக்குக் கிளம்பிய அன்று மதுரை ஏர்போர்ட்டுக்கு அந்தக் காரில்தான் போக வேண்டும் என்றதும், எனக்குக் காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துக்கொண்டேன். காய்ச்சல் இல்லை ஐயா. நீ வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். சுடவில்லை என்று உனக்கு அப்போதே தெரிந்திருக்கும். அந்தக் கையின் குளிர்ச்சி இன்னும் என் நெற்றியில் இருக்கிறது.

பெனிட்டோ சொன்னதைக் கேட்டு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்பிரிங்கை மறுபடி ஏற்றித் தரட்டுமாப்பா என்று அவன் கேட்டான். என் மகன் ஆசைப்பட்டு இறக்கியதை நீ ஏன் ஏற்ற வேண்டும், தரையை இறக்கினால் போச்சு என்று சொல்லிவிட்டேன். கொத்தனார் காசிராஜனைக் கூட்டி வந்து, நம் வாசலில் வாறுகால் சாக்கடைக்கு மேல் செங்குத்தாக நிற்குமே அந்தச் சரிவு, அதை உடைத்து எட்டடி நீளத்துக்குப் படுக்க வைத்துப் பூசினோம். தார் ரோட்டைத் தொடும் இடத்தில் மேடு தெரியாமல் இழைத்திருக்கிறான், உள்ளங்கையை வைத்துத் தடவினாலும் தெரியாது. பள்ளிக்கூட முக்கில் உள்ள வேகத்தடையை நான் தொடவில்லை, அது பிள்ளைகளுக்காகப் போட்டது. அதை எப்படித் தாண்டுவது என்று பெனிட்டோ காட்டினான், வண்டியைச் சாய்த்துக் கொண்டுபோய் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டுமாம், உனக்கும் தெரிந்திருக்குமே, அன்றைக்குக் கம்பெனி கேட்டில் ஏன் நேராக விட்டாய். அப்பாவைக் கூட்டிப் போகிற சந்தோஷத்தில் மறந்திருப்பாய்.

சிமெண்ட் காய்ந்ததும் காரைச் சரிவின் மேட்டில் நிறுத்தச் சொல்லி, ரோட்டில் குப்புறப் படுத்து அடியில் கையை விட்டு அளந்தேன். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுச் சீனிவாசகம் வெளியே வந்து, ஐயையோ அண்ணாச்சி விழுந்துட்டாக என்று ஒரு குடம் தண்ணீரை என் தலையில் கொட்டிவிட்டார். நனைந்தபடியே அளந்தேன். காலி வண்டிக்கு நாலு விரல் இடம் இருந்தது. காலி வண்டியில் யார் போகப் போகிறார்கள் என்று பின்சீட்டில் அம்மாவையும் பாண்டிச்செல்வியையும் உட்கார வைத்தேன், என் இடத்தில் காசிராஜனை உட்கார வைத்தேன், ஓட்டுகிற சீட்டில் உனக்குப் பதிலாக ஒன்றரை மூட்டை சிமெண்ட்டை வைத்தேன். எம் புள்ளைய மூட்டையாக்கிட்டீகளே என்று உன் அம்மா திட்டினாள், ஆனால் பின்னாலிருந்து எட்டி அந்த மூட்டையின் தோளில் கை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் கீழே இருந்து பார்த்தேன். ஏறும்போது சிரமமில்லை, இறங்கும்போதுதான் ரெண்டு பேர் சேர்ந்து அவளை வெளியே இழுத்தோம். உன் மேல் உள்ள ஒரே குறை அதுதான் அவளுக்கு.

நேற்று காலை பெனிட்டோ ஓட்ட நான் முன்சீட்டில் ஏறினேன். கம்பெனிக்குள் நுழைகிற பழக்கத்தில் செருப்பை வாசலிலேயே கழற்றி விட்டிருக்கிறேன், எனக்கே தெரியாது. கம்பெனிக்கு ரோடு பிரிகிற விலக்கு வரை போய்த் திரும்பினோம். பள்ளிக்கூட முக்கில் கண்ணை மூடிக்கொண்டேன், கை கதவில்தான் இருந்தது, ஆனால் திறக்கவில்லை. ஒரு சத்தமும் வரவில்லை. திரும்பி வந்த பிறகு, நல்லா இருந்துச்சாப்பா என்று அவன் கேட்டான். பாட்டுப் பெட்டியைத்தான் கொஞ்சம் குறைத்து வைக்கலாம் என்றேன்.

ஆகையால் தைக்கு வா. வந்து பார்த்துவிட்டு விற்கத் தோன்றினால் அது உன் இஷ்டம், உன் வண்டி. அப்பா ஏற மாட்டார் என்ற காரணத்துக்காக மட்டும் விற்காதே. ஒன்றே ஒன்று, கம்பெனி கேட்டுக்கு மட்டும் அதைக் கொண்டு வர வேண்டாம், விலக்கில் இறக்கிவிடு, நான் நடந்து போய்க்கொள்கிறேன். அங்கே வேலை செய்கிற அத்தனை பேருக்காகவும் சொல்கிறேன். தேதி தெரிந்ததும் அம்மாவிடம் சொல்லாமல் என்னிடம் சொல், போனை நான் யாரிடமும் கொடுக்க மாட்டேன். மதுரைக்கு நான் அந்தக் காரில்தான் வருவேன். வேலை இடத்தில் கவனமாக இரு, வெறும் வயிற்றோடு வெயிலில் நிற்காதே. மாரியம்மன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

சொல்ல மறந்தேன், மூட்டையெல்லாம் ஏற்றி அளந்ததில் ரெண்டு விரல் இடம் மிச்சம் இருந்தது. நாம் நாலு பேரும் ஏறினாலும் தட்டாது ஐயா.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அப்பா,
ரத்தினசாமி