இரண்டாம் நாள் இலை

பங்குனி 9, ஞாயிறு

எழும்பியதும் முதல் வேலை, மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. அடுப்பில் ஒன்று, குளியலறையில் ஒன்று, அம்மாவின் அறையில் ஒன்று. கார் மணிக்கூட்டை கார்த்திகையில் மாற்றச் சோம்பல்பட்டு விட்டிருந்தேன். இன்றோடு அது தானாகவே சரி. வெளியே -7. வெயில் மட்டும் கண்ணைக் குத்துது.

மத்தியானம் அண்ணை தன் வீடு இருக்கிற என்டிஜிப் பக்கமிருந்து வந்தார், ஒரு பை பேகல் பாணோடு. விஷயம், ராணிச் சின்னம்மா ஆக்களின் திவசம். இந்த வருடம் நவமி 23ஆம் திகதி, ஞாயிறு. கோயிலில் ஐயரிடம் சொல்லி ஐந்து பேருக்கும் மோட்ச அருச்சனை, அங்கேயே சாப்பாடு, அதோடு முடிந்தது. அம்மாவுக்கு எழுபத்தாறு. இரண்டு முழங்காலும் சரியில்லை. இனி வீட்டில் இரண்டு நாள் நின்று சமைக்கிற வேலை வேண்டாம் என்றார். நியாயம்தான்.

"ஒண்டாப் போனவைக்கு ஒண்டாச் செய்வம், அம்மா."

அம்மா பேகலைப் பிய்த்துக்கொண்டிருந்தா. உன்ர விருப்பம், தம்பி என்றா. அம்மா ஒரு விஷயத்துக்கு இவ்வளவு கெதியாக ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

போகும்போது வாசலில் நின்று, சுவர் ரெலிபோனையும் வெட்டச் சொன்னார். என் மகள் மாதுமையும் மாமாவோடு சேர்ந்துகொண்டாள். அதில் எடுப்பது பல் டாக்குத்தரும் கள்ளரும் மட்டும்தானாம். அதற்கு மட்டும் அம்மா, "இருக்கட்டும்."

பின்னேரம் முழுக்க ஒரே யோசனை. சின்னம்மா, சித்தப்பா, நிரோசன், அபி, சின்னவன் பவன். வன்னியில், ஒரே ஷெல்லில், ஒரே பின்னேரம். ஒரு வீடு முழுக்க. செய்தி வந்த அன்று அண்ணை இதே குசினிக் கதிரையில் இருந்து சொன்ன வசனம் இன்னும் காதில்: "ஒருத்தரும் ஒருத்தரைத் தேடியிருக்க மாட்டினம்." உயர்தரம் படித்த இரண்டு வருடமும் சின்னம்மா வீட்டில் நின்றவர் அவர். அந்த வசனத்தைச் சொல்லிவிட்டுத்தான் அழுகையை நிற்பாட்டினார்.

அப்படியென்றால் அம்மா ஏன் இரண்டு நாள் படைக்கிறா? முதல் நாள் பெரிய இலை, எல்லாருக்கும் பொதுவாக. மற்ற நாள் ஒரு சின்ன இலை. முன்பு ஒருமுறை கேட்டதற்கு, பேர் தெரியாமல் செத்த சனங்களுக்கு என்றா. நம்பினேன். இத்தனை வருடமாக.


பங்குனி 11, செவ்வாய்

வேலையில், ஆஸ்பத்திரி லாப்பில், சண்டை. மூன்றாம் மாடியிலிருந்து வந்த இரத்தக் குப்பியில் எடுத்த நேரம் எழுதவில்லை. திருப்பி அனுப்பினேன். அந்த நேர்ஸ் ரெலிபோனில், ஒரு மணித்தியாலத்தில் என்ன வந்துவிடப் போகுது என்று பிரெஞ்சில் கத்தினாள். நிறைய வரும், மதாம். பொட்டாசியம் ஏறிவிடும்.

சாப்பாட்டு இடைவேளையில் போனில் பழைய பஞ்சாங்கம் தேடினேன். அந்த வருடத்தையது. ஷெல் விழுந்த அந்தத் திகதி. அன்று காலமையிலிருந்து நவமி. நடுச்சாமம் தாண்டித்தான் தசமி பிறக்குது. பின்னேரம் செத்தவர்களுக்கு நவமி. சரி. முதல் நாள் இலை சரி.

இரண்டாம் நாள் இலை தசமியில். ஒவ்வொரு வருடமும். சாமம் தாண்டிச் செத்த ஆளுக்குத்தான் அந்தத் திதி வரும்.

என்னவாக இருக்கலாம்:
– அம்மா சொன்னது போல, பேர் தெரியாதவர்கள். ஆனால் பேர் தெரியாதவர்களுக்கு ஏன் குறிப்பாகத் தசமி?
– அம்மாவின் கணக்குப் பிழை. (அம்மாவா? கலண்டரை ஐயருக்கே திருத்திச் சொல்லுகிறவ.)
– ஐந்து பேரும் ஒன்றாகப் போகவில்லை.

மூன்றாவதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் இரத்தம் பிரிக்கிற சென்ரிபியூஜ் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பால், பாண், அம்மாவின் மருந்து. மருந்தை மறந்துவிட்டேன்.


பங்குனி 12, புதன்

ஈரப் பனி. பஸ் இருபது நிமிடம் பிந்தி.

மாதுமையிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன், அம்மம்மா மற்ற நாள் படைக்கிற சாப்பாடு ஞாபகம் இருக்கா என்று. போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, அந்த உறைக்காத கறிதானே, சின்னனில் எனக்கு அதுதான் விருப்பம் என்றாள்.

உண்மை. வேலையால் வந்து நான் சூடாக்கிச் சாப்பிடுவது அதைத்தான். உருளைக்கிழங்குப் பால்கறி, பூசணி, பருப்பு. ஒன்றிலும் மிளகாய் கிடையாது. முதல் நாள் கறியில் கண்ணீர் வரும், அவ்வளவு உறைப்பு. சித்தப்பாவுக்கு அப்படித்தான் வேணுமாம்.

இன்னொன்று. மற்ற நாள் எப்போதும் சட்டி அலசுகிற இடத்தில் இரண்டு சாப்பாட்டுக் கோப்பை இருக்கும். மெற்றில்டா வந்து சாப்பிட்டுப் போனவ என்பா அம்மா. மன்னார்க்காரி, கிறிஸ்தவ வேதக்காரி. நான் வேலையில் நிற்பதால் ஒருநாளும் சந்தித்ததில்லை. முதியோர் சங்கத்துச் சிநேகிதி என்றுதான் நினைப்பு. சிநேகிதி என்றால் வருடத்தில் ஒரு நாள் மட்டுமா வருவா?

அம்மாவின் ரெலிபோன் கொப்பியில் "மெ" பக்கத்தில் நம்பர். எடுத்தேன். யாரென்று சொன்னதும் என் பேரை ஒருதரம் திருப்பிக் கேட்டா. பிறகு, "சனிக்கிழமை வாரும் பிள்ளை. உள்ளி உரிக்க ஆள் வேணும்."


பங்குனி 15, சனி

+3. கூரையெல்லாம் சொட்டுது. அம்மாவிடம் சப்பாத்துக் கடைக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன். நாற்பத்தாறு வயதில் அம்மாவுக்குப் பொய் சொல்லிவிட்டு மெற்றோ ஏறுகிறேன்.

மெற்றில்டா அக்கா வீடு, ஜான்-டலோன் சந்தைக்குக் கிட்ட, இரண்டாம் மாடி. அறுபது வயது இருக்கும். சின்ன உடம்பு, பெரிய குரல். மேசை நிறைய உள்ளிப்பூண்டு. அவவின் தேவாலயப் பங்குக்குத் தபசுகால நோன்புக் கஞ்சி காய்ச்ச வேணுமாம். எனக்கும் ஒரு கத்தி தந்தா.

முதலில் பகிடி. "உங்கட வீட்டுச் சாப்பாடு எனக்கு நல்ல ஒறுத்தல், பிள்ளை. உறைப்பும் இல்லை, புளியும் இல்லை. ஆண்டவர் கணக்கில எழுதியிருப்பார்."

பிறகு சொன்னா. அழவில்லை, கை உரித்துக்கொண்டே இருந்தது. அவ நேர்ஸ் இல்லை. பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்த இடத்தில் சேலைன் போத்தல் பிடித்துக்கொண்டு நின்ற ஆள். பொழுதுபடுகிற நேரம் ஒரு பிள்ளையைச் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார்களாம். ஒன்பது வயது. தண்ணி எடுக்கப் போனபடியால், ஷெல் விழுந்த நேரம் மற்றவர்களோடு பங்கருக்குள் இல்லாமல் வெளியே காயப்பட்ட பிள்ளை. எங்கள் அபி.

நான் அபியை நேரில் கண்டதில்லை. ரெலிபோனில் ஒரே ஒருமுறை. பனி என்ன மணம் அக்கா என்று கேட்டாள். ஐஸ் பெட்டி மாதிரி என்று ஏதோ சொன்னேன்.

விடியும் வரை கதைத்துக்கொண்டே இருந்தாளாம். அம்மா எங்கே, தம்பி எங்கே, அண்ணா சாப்பிட்டானா. எல்லாரும் அங்கால அறையில் இருக்கினம் என்று மெ. அக்கா சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறா. கஞ்சி கொண்டுவந்தபோது, "உறைக்காட்டித் தாங்கோ" என்றாளாம். மூன்று கரண்டி குடித்தாள். பிறகு, தாய் பாடமாக்க வைத்திருந்த பெரியம்மாவின் கனடா நம்பரை வாய்ப்பாடு மாதிரி ராகத்தோடு சொல்லிக் காட்டினாளாம். மெ. அக்கா அதைத் தன் சட்டை விளிம்பின் உள்பக்கம் பேனையால் எழுதினா. நிலம் வெளிக்கிற நேரம் பிள்ளையின் உயிர் போய்விட்டது.

ஏழு மாதம் கழித்து, முகாமிலிருந்து அந்த நம்பருக்கு எடுத்திருக்கிறா. சுவர் ரெலிபோனுக்கு.

"எல்லாத்தையும் சொல்லி முடிச்சன். உங்கட அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டவ. எத்தினை மணிக்கு எண்டு. எனக்கு அண்டைக்கு வந்த கோபம். இதென்ன மனுசி, பிள்ளை செத்த கதையைச் சொல்லுறன், மணி கேக்குது எண்டு. இஞ்ச வந்து, அந்த இலையைக் கண்ட பிறகுதான் விளங்கினது."

அண்ணைக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, தெரியவும் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாவாம்.

"'என்ர பெடியன் ஒரு வசனத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான், அதை நான் பறிக்கமாட்டன்' எண்டவ."

கை இன்னும் உள்ளி மணக்குது. சப்பாத்து வாங்காமல் வந்ததை அம்மா கவனித்தா. மூக்கை ஒருதரம் உறிஞ்சினா.


பங்குனி 16, ஞாயிறு

உடுப்புத் தோய்த்தது. மாதுமையின் கணக்குப் பரீட்சை, 71.

கேட்க இன்னும் எவ்வளவு இருக்குது. தண்ணிப் பானை பிளாஸ்டிக்கா? சட்டை என்ன நிறம்? எந்த மண்ணில் தாட்டார்கள்? மெ. அக்காவின் அந்தச் சட்டை இப்போது எங்கே? ஏன் எனக்கு இதெல்லாம் வேணும் என்றும் தெரியவில்லை. அழுகை வருமென்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். வருவது கேள்விதான்.

ஐந்து பேர் ஒன்றாக என்று இவ்வளவு காலமும் சொன்னபோது எனக்குள் ஒரு ஆளும் இல்லை, ஒரு கூட்டம்தான் இருந்தது. இப்போது ஒரு ஆள். உறைப்புச் சாப்பிடாத ஆள்.

அண்ணையின் வசனம் பிழை. அபி விடிய விடியத் தேடியிருக்கிறாள்.


பங்குனி 19, புதன்

24ஆம் திகதிக்கு லீவு கேட்டேன். குடும்ப விஷயம் என்று எழுதினேன். கிடைத்தது.

இரவுச் சாப்பாட்டில் அம்மாவிடம், திங்கக்கிழமை நான் வீட்டில நிக்கிறன், நானே சமைக்கிறன் என்றேன். அம்மா ரசத்தை ஊற்றி, பிசைந்து, ஒரு வாய் சாப்பிட்டு முடித்தா.

"கிழங்குக்கு மிளகாய் போடாதை."

"தெரியும்."

"உள்ளி மணத்தோட வந்த அண்டைக்கே நினைச்சன்."

அவ்வளவுதான் கதை. சுவர் ரெலிபோன் லைனை வெட்டாமல் என் பேருக்கு மாற்ற வேணும். பிரெஞ்சில் கதைக்க மாதுமையை இருத்தினால் கெதியாக முடியும்.


பங்குனி 22, சனி

மழையும் பனியும் கலந்து. அண்ணை காரில் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாளைக்குக் கோயிலில் சாப்பாடு, ஆனாலும் வீட்டுக்கு என்று நான் வாங்கியவை:

உருளைக்கிழங்கு, சின்னன்
பூசணித் துண்டு
பச்சைப் பயிற்றங்காய்
தமிழ்க் கடையில் வாழையிலை, தேங்காய்ப் பால், அப்பளம்
மிளகாய் – இல்லை

நாளைக்கு ஐயரிடம் கொடுக்க ஐந்து பேரின் பேரையும் நட்சத்திரத்தோடு அண்ணை கடதாசியில் எழுதி வைத்திருந்தார். வடிவான கையெழுத்து. அபிராமி நாலாவதாக. வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். இந்த வருடத்தோடு திவசம் ஒரே நாளாகிவிட்டால், அம்மாவுக்குப் பிறகு அந்தக் காலமையை அறிந்தவர்கள் இரண்டு பேர். நானும் ஒரு மன்னார்க்காரியும்.

சாமான்களைக் காரில் ஏற்றும்போது வாழையிலையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"மற்ற நாளும் அம்மா சமைப்பாவே?"

ஓம், நான் சமைக்கிறன் என்றேன்.

"ம்." பிறகு, பக்கத்துக் கார் எவ்வளவு நெருக்கி விட்டிருக்கிறான் பார் என்று தொடங்கிவிட்டார். வீடு வரும் வரை கார் நிறுத்துகிற இடங்களைப் பற்றித்தான் கதை.

அந்தக் கேள்வி எங்கேயிருந்து வந்தது? பதினைந்து வருடத்துக்கு மேலாக அவரும் அந்தச் சின்ன இலையைப் பார்த்திருக்கிறார். பஞ்சாங்கம் அவருக்கும் வாசிக்கத் தெரியும். கேட்காமல் இருந்தாரா? கேட்கப் பயந்தாரா? அம்மா அவரைக் காப்பாற்ற, அவர் அம்மாவைக் காப்பாற்ற, இரண்டு பேரும் ஒரே கதவை இரண்டு பக்கத்திலிருந்தும் பிடித்துக்கொண்டு நிற்கினமா?

அம்மா பறிக்கமாட்டன் என்றதை நானும் பறிக்கப் போவதில்லை. ஆனால் கதவைப் பிடிக்கவும் மாட்டேன்.

திங்கள் மத்தியானம் சாப்பிட வரச்சொல்லி நாளைக்குக் கோயிலில் வைத்து அண்ணையைக் கூப்பிடப் போகிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை, அன்று வழமைபோல் சாப்பிட வருகிற மெற்றில்டா அக்காவிடமும் சொல்லவில்லை. அவவுக்குப் பக்கத்துக் கதிரையில் அண்ணையை இருத்துவேன். கறி ஏன் உறைக்கேல்லை என்று கேட்டால், சொல்லுவேன். கேட்காவிட்டால், இன்னொரு கரண்டி சோறு போடுவேன்.