அந்த ஒரு வரி

அன்பான அம்மாவுக்கு, கர்த்தர் உங்களைச் சுகமாக வைத்திருக்கட்டும்.

முழங்கால் வலி எப்படியிருக்கிறது? கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறாதீர்கள். நான் சொல்லச் சொல்ல இன்னொருவன் எழுதுகிறான்.

சலவைக்கூடத்தில், இஸ்திரி மிஷின் உருளைக்குள் சிக்கிய விரிப்பை நான் இழுத்துக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்பவன் கவனிக்காமல் மிஷினைப் போட்டுவிட்டான். வலது கை கொஞ்சம் நசுங்கிவிட்டது. இரண்டு விரல் இனி மடங்காதாம். நான் என்ன வீணையா வாசிக்கப்போகிறேன்?

காயம் ஆறிவிட்டது, மனசுதான் ஆறவில்லை. அவனும் ஜெபத்துக்கு வருகிறவன். இருப்பதும் என் அறையில்தான். ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் நிற்பான். பரமண்டல ஜெபத்தில் ‘எங்களுக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் குற்றங்களை எங்களுக்கு மன்னியும்’ என்ற வரியில் மட்டும் நான் வாயை மூடிக்கொள்வேன். போன ஞாயிறுதான் கவனித்தேன், அவனும் அந்த வரியைச் சொல்லவில்லை.

“நீ ஏன்டா சொல்லல?”

“நீங்க சொன்னாத்தானேண்ணே நான் சொல்ல முடியும்?”

அன்று ராத்திரியே அறையில் அவனோடு முழங்காலிட்டு அந்த வரியைச் சொன்னேன். வாய் வந்த அளவுக்கு மனசு வரவில்லை, அம்மா. ஆனாலும் அன்றைக்குத்தான் தூக்கம் வந்தது.

பொத்தான் இல்லாத சட்டை இரண்டு அனுப்புங்கள். கூடவே, நீங்கள் கோடு போட்டு வைத்திருக்கும் வேதாகமத்தையும். புதிது வாங்கி அனுப்ப வேண்டாம், அதுதான் வேண்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. இதை எழுதுகிறவன் அவன்தான். மிஷினைப் போட்டுவிட்டான் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. “எழுதுடா” என்றேன், எழுதினான். அங்கே மை கலைந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மூத்தவன்