மிலோராத் அச்சடித்த புத்தகம்

லின்ஃபீல்ட், ஒக்லாந்து, நியூசிலாந்து
ஜூலை 1998

மச்சான்,

போன கிழமை மிலோராத் செத்துப்போனான். உனக்கு அவனைத் தெரியாது. செர்பியாக்காரன், கவிஞன். பெல்கிரேடில் சொந்தமாகப் பதிப்பகம் நடத்தினவன். இங்கே ஒடாஹுஹுவில் இறைச்சித் தொழிற்சாலையில் என்னோடு தரை கழுவினான்.

பொஸ்னியாவில் சண்டை தொடங்கினபோது, தன்ர ஆக்கள் விரட்டின முஸ்லிம் சனத்தைப் பற்றிக் கவிதைகள் எழுதித் தானே புத்தகமாக அச்சடித்திருக்கிறான். கடைக்காரர் அதை வாங்கவில்லை. பிறகு அச்சகத்தை எரித்தார்கள். கூடப்பிறந்த தமையனே துரோகி என்று சொல்லிக் கதைக்கிறதை விட்டுவிட்டான்.

"உனக்குப் பயமாக இருக்கேல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சரியான பயம். ஆனால் வேற ஆர் அச்சடிக்கிறது?" என்றான்.

செத்தவீட்டுக்கு அவன்ர நாட்டுக்காரர் ஒருவரும் வரவில்லை. எங்களோடு வேலை செய்கிற சமோவாப் பெடியங்களும் நானும்தான் பெட்டியைத் தூக்கினோம்.

தொண்ணூறில் எங்கட இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை வெளியேற்றின கிழமை, நான் உன்ர சஞ்சிகைக்கு அதைப் பற்றி ஒரு கவிதை கொண்டுவந்தேன். "இப்ப இது தேவையில்லாத கதை மச்சான்" என்று சொல்லித் திருப்பித் தந்தாய். அந்த இதழின் முதல் பக்கத்தில் ஒரு வெற்றிப் பாட்டைப் போட்டாய்.

இப்போது டொரொன்டோவில் இருந்துகொண்டு, மனச்சாட்சிக் கவிதைகள் என்று தொகுப்புப் போடப்போகிறாயாம். அந்தக் கவிதையை அனுப்பச் சொல்லிக் கேட்கிறாய்.

அது அந்தச் சனத்துக்குத் தேவைப்பட்ட நேரம் உன்னிடம் அச்சகம் இருந்தது. இப்போது உனக்குத்தான் அது தேவைப்படுகிறது. தரமாட்டேன்.

ஒருகாலத்தில் உன்ர சிநேகிதன்