வசந்தி வருமுன் வெடித்த பைப்

12.7.77 செவ்வாய்
கடுங்குளிர். புல் முழுக்க உறைபனி வெள்ளை. குசினிப் பைப்பைத் திருகினால் ஒரு சொட்டும் இல்லை. வெளிச்சுவரோடு ஓடும் பைப் உறைந்துபோயிருக்கிறது. ஒன்பதரைக்கு, வெயில் பட்டபிறகு, இருமி இருமி வந்தது தண்ணீர்.

ஞாயிறு ஊரிலிருந்து என் மனைவி வசந்தியும் பிள்ளையும் வருகிறார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு. "திருகினால் சுடுதண்ணி" என்று எத்தனை கடிதத்தில் எழுதினேன்!

வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார். "இது மெல்பேர்ண், மேட். இங்கே பைப் எல்லாம் உறையாது."

13 புதன்
வேலையிடத்தில் ராஜா அண்ணையைக் கேட்டேன். இந்த நோபல் பார்க் பகுதிக்கு எனக்கு முதலே குடிவந்தவர். "பைப்பைச் சுத்திக் கட்டும். இரவிலை குசினிப் பைப்பை மெல்லச் சொட்டவிடும். ஓடுற தண்ணி லேசிலை உறையாது."

கட்டியவை: பழைய பேப்பர், கிழிந்த கம்பளி, என் காலுறை இரண்டு சோடி, மேலே பிளாஸ்டிக் பை, சணல் கயிறு. பைப் வளையும் இடத்துக்குக் கம்பளி போதவில்லை.

வேலை டயர் ஃபக்டரியில். பின்னேர ஷிஃப்ட். வசந்திக்குத் தெரியாது. முதற் கடிதத்தில் ஒஃபிஸ் என்று எழுதிவிட்டேன். பிறகு திருத்த மனம் வரவில்லை.

14 வியாழன்
காலையில் தண்ணீர் வந்தது! இரவெல்லாம் சொட்டிய சத்தம் மட்டும் இன்னும் தலைக்குள். நித்திரை இல்லை.
வாங்க: பிள்ளைக்குக் குளிர்ச்சட்டை, பால்மா, சின்னக் கதிரை. என்ன அளவு சட்டை? தெரியவில்லை. ஒரு தகப்பனுக்குத் தெரியவில்லை.

15 வெள்ளி
நேற்று அந்தச் சொட்டுச் சத்தம் பொறுக்காமல் குசினிப் பைப்பை இறுக்கப் பூட்டிவிட்டுப் படுத்தேன். ஒரு நாள்தானே என்று.
காலையில் வளைவில் வெடிப்பு. வெயில் ஏற ஏறச் சுவரெல்லாம் தண்ணீர். ஓடிப்போய் வாசலில் தண்ணீர் மீட்டரடியில் பூட்டினேன். கை விறைத்துவிட்டது. வீட்டுக்காரர் வந்து பார்த்தார். இம்முறை சிரிக்கவில்லை. திருத்துபவர் திங்கள்தான் வருவாராம்.
முட்டாள். வேறு சொல் இல்லை.

16 சனி
சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, கம்பியால் முறுக்கினேன். மீட்டரடியில் திறந்தேன். பீறியது. பூட்டினேன்.
பக்கத்து வீட்டு மரியா, இத்தாலிக்காரி, வேலிக்கு மேலால்: "வாளியைக் கொண்டுவா. எத்தனை வேண்டுமோ எடு." எட்டு வாளி.
குசினியை இரண்டு தரம் கூட்டினேன். நாளை சொல்லவேண்டியதை உரத்துச் சொல்லிப் பார்த்தேன். பைப் விஷயம் சுலபம். மற்றது?

17 ஞாயிறு
ராஜா அண்ணையின் காரில் விமான நிலையம். வசந்தி மெலிந்திருந்தாள். பிள்ளை என்னைக் கண்டதும் அவள் சேலைக்குள் முகம் புதைத்தது.

வீட்டு வாசலிலேயே சொன்னேன். "தண்ணி வராது. பைப் வெடிச்சிட்டுது. நான்தான் பூட்டினனான்."
அவள் சுவர்ப்பக்கம் போய்ப் பார்த்தாள். எனக்கு நிறுத்த முடியவில்லை.
"ஒஃபிசும் இல்லை, வசந்தி. டயர் ஃபக்டரி."
"தெரியும்."
"ஆர் சொன்னது?"
"நீங்கள்தான். ஒவ்வொரு கடிதத்திலயும் கறுத்த பெருவிரல் அடையாளம். ஒஃபிசிலை ஆருக்கப்பா கை அப்பிடிக் கறுக்கும்? உங்கடை அம்மாவுக்குக் காட்டமுதல் அந்த ஓரத்தை வெட்டிப்போட்டுத்தான் குடுத்தனான்."

என் பெருவிரலைப் பார்த்தேன்.
"தண்ணி எங்கை எடுக்கிறது?" என்றாள். வேலியைக் காட்டினேன். பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, வாளியைத் தூக்கினாள்.