டயர்ல காத்து இருக்கா?

காலை 6.40
செவ்வாய்க் கோள், வெளிவயல் நிலையம். பதிவு செய்பவர்: ஜெபசெல்வி, மண் ஆய்வாளர்.

டிராக்டரின் நான்கு டயரிலும் பன்னிரண்டு பவுண்டு வைத்தேன். கண்ணாடிக் கூரை போடுமுன் உழ வேண்டிய பொடிமண் இது. அழுத்தம் கூடினால் சக்கரம் மண்ணை இறுக்கிவிடும், வேர் இறங்காது. முதல் வயலை அப்படித்தான் பாழாக்கினோம். ஓட்டுநர் சுடலைமணி அண்ணாச்சிக்குப் பன்னிரண்டு பிடிக்கவில்லை. தூத்துக்குடி சாலையில் லோடு இழுத்தவர். டயர் கல் மாதிரி இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். கூட்டிக் குறைக்கக் கேபினுக்குள்ளேயே குழாய் உண்டு. விசையைப் பிடித்தால் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். அதைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

குறிப்பு: நேற்று டயர்களில் வெளியே பிடித்த கரியமில வாயுவை நிரப்பினேன். மூச்சு விடும் காற்றை ரப்பருக்குக் கொடுப்பானேன்? அண்ணாச்சியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பஞ்சாயத்து வைப்பார்.

பகல் 11.15
புழுதிப் புயல். டிராக்டர் பள்ளத்தில் சாய்ந்து கேபினின் மூச்சுக் காற்றுத் தொட்டி உடைந்துவிட்டது. கேபினுக்குச் சேதமில்லை. முகமூடி சிலிண்டர் ஒரு மணி நேரம் தாங்கும். சிறு வண்டியில் நான் போய்ச் சேரவும் ஏறக்குறைய அவ்வளவு ஆகும். அதை ரேடியோவில் சொன்னேன். இரைச்சலுக்கு நடுவே கேட்டார்:

"தங்கச்சி, டயர்ல காத்து இருக்கா?"

உயிர் ஊசலாடும்போதும் இந்த மனிதருக்குப் பழைய சண்டைதான். எனக்கு எரிச்சல் வந்தது.

"பன்னெண்டு இருக்கு அண்ணாச்சி. தாராளமா போதும்."

"அப்ப பொழச்சேன்."

தொடர்பு அறுந்தது. கிளம்புகிறேன்.

பகல் 11.32
வண்டியில், குரல்பதிவு. டயர் அளவு என் திரைக்கும் வருகிறது. பின் வலது டயர் பதினொன்று. எங்கோ கசிகிறது. பத்தரை. மற்ற மூன்றும் அசையவில்லை.

ஒரே சீராக இறங்குகிறது. இது கசிவு இல்லை. குழாய்.

அவர் கேட்டது மண்ணுக்காக இல்லை. மூச்சுக்காக.

அண்ணாச்சி, குழாய விடுங்க. அது காத்து இல்ல. கேக்குதா? ரேடியோவில் வெறும் இரைச்சல். ஒன்பது. அண்ணாச்சி, சிலிண்டர மாட்டுங்க. எட்டு.

எட்டு.

எட்டிலேயே நிற்கிறது. விசையை விட்டுவிட்டார். நான் கத்தியது கேட்டிருக்கும். ஆண்டவரே, கேட்டிருக்க வேண்டும்.

பகல் 12.09
கேட்கவில்லை.

குழாய் முகமூடிக்குள் செருகியபடி இருக்கிறது. கை விசையிலிருந்து நழுவிக் கிடக்கிறது. சிலிண்டரை அவர் தொடவே இல்லை. முதலில் டயர், அது தீர்ந்தபின் சிலிண்டர் என்று நிதானமாகக் கணக்குப் போட்டிருக்கிறார். சிலிண்டரை மாட்டியிருந்தால், நான் வந்ததும் என்னை வைவதற்குக்கூட மூச்சு மிச்சம் இருந்திருக்கும். புயலின் மேல் பழி போட முடியாது. கொன்றது நான்.

அறிக்கைக்கு: பின் வலது எட்டு, மற்றவை பன்னிரண்டு. சக்கரத் தடம் இரண்டு விரல் ஆழம்கூட இல்லை. மண் இறுகவில்லை. என் அளவு சரிதான்.

டயர்ல காத்து இல்ல அண்ணாச்சி. நேத்தே இல்ல.