இறக்கை முளைத்த பன்றி

என் செல்ல மார்னிக்கு,

நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை கென்ஜியும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாக இருக்கவேண்டும் என்பதுதான் எந்நேரமும் நினைப்பு. இங்கே வார்னம்பூலில் மழை விட்டபாடில்லை, கோழிக்கூட்டின் தகரம் பிய்த்துக்கொண்டு போய்விட்டது, அப்பா அந்த இடுப்பு வலியோடு ஏணியில் ஏறுவேன் என்று நிற்கிறார். அது கிடக்கட்டும், போன ஞாயிறு வீடியோவில் உன் மாமியார் செட்சுகோ நம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "நாயும் பூனையுமா கொட்டுதே, நொரீன்!" என்றாளே, அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் இங்கிலீஷ் சொலவடைகளை வாரம் ஒன்றாக அவளுக்கு நீதான் சொல்லிக்கொடுக்கிறாயாம், பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாக. எனக்குப் பொறாமைதான், ஒளிப்பானேன். சின்ன வயதில் நான் அந்த நாய் பூனை மழையைச் சொன்னதும், விழுகிற நாய்க்குட்டியைப் பிடிக்கத் துண்டோடு வாசலில் நின்றவள் நீ, பலத்த மழை என்றுதான் அர்த்தம் என்று உன் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னவள் நான். சுலபமான வேலையைக் கேக் சாப்பிடுற மாதிரி என்பதும், ரகசியத்தை உளறினால் பையிலிருந்து பூனையை விட்டுட்டே என்பதும் என் சமையலறைப் பேச்சு. எல்லாவற்றையும் அவளுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் "அம்மா, அப்புறம் கூப்பிடறேன்". அவள் சும்மா கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறாள், உள்ளர்த்தம் என்ன தெரியும் என்று அப்பாவிடம் சொன்னேன். "பொறாமையில பச்சையாயிட்டே நீ" என்றார். அன்று அவருக்குக் காபி நான் போடவில்லை.

பிரசவத்துக்கு வா என்று நீ கூப்பிட்டபோது, பன்றிக்கு இறக்கை முளைத்தால் விமானம் ஏறுகிறேன் என்றேன். நடக்கவே நடக்காது என்பதை நம் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். நீயும் "சரிம்மா" என்று விட்டுவிட்டாய். அதையும் அவளிடம் சொல்லியிருக்கிறாய் போல. செவ்வாய்க்கிழமை தபாலில் செட்சுகோ அனுப்பிய ஒரு பொட்டலம் வந்தது, பிரித்தால் ரோஜா நிறக் கம்பளி நூலில் பின்னிய பன்றி, முதுகில் இரண்டு வெள்ளை இறக்கை. கூட ஒரு வரி எழுத்து இல்லை. எரிச்சலில் அலமாரிக்குள் தள்ளினேன், பிறகு நானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நடக்காது என்று நான் சொன்னதற்குள் இருந்தது பயம், அதற்கும் உள்ளே வரவேண்டும் என்ற ஆசை. நான் பெற்ற உனக்கு அது புரியவில்லை, அவளுக்குப் புரிந்துவிட்டது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

டிக்கெட் எடுத்தாயிற்று, மார்ச் முதல் வாரம் வருகிறேன், பன்றியும் என் மடியில் வரும்.

நீயும் குழந்தையும் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரியவேண்டும், அதுவே என் ஆசீர்வாதம். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. அப்புறம், குழந்தையை முதலில் கையில் வாங்குவது நான்தான் என்று செட்சுகோவிடம் சொல்லிவிடு, சுற்றி வளைக்காமல், நேராகவே சொல்.

உன் அம்மா,
நொரீன்